மழவராயர் காட்டிய பிளவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பங்குப் பேரவைகளில் இருக்கும் பெரியவர்களுக்கும், உபதேசியார்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், மாதா சபைச் சகோதரிகளுக்கும்,



தவக்காலம் வரப்போகிறது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்குவோம். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்வோம். கவிச்சி விடுவோம். பெரிய வாரத்துக்கு முன்னால் பக்கத்துப் பங்குச் சாமியார்கள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்வோம். எல்லாமே நல்லவை. இதில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அந்த வரிசையில் நிற்கும்போது மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோமே, அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

பெரும்பாலும் அது போன வருடத்துப் பட்டியல். கோபப்பட்டேன். பொய் சொன்னேன். பூசைக்குப் போகாமல் இருந்தேன். மாமியாரை எதிர்த்துப் பேசினேன். ஞாயிறு மறைக்கல்வியில் புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலைச் சொல்லிக்கொடுப்பவள் நான். பத்து வயதில் கற்ற அதே பட்டியலோடு அறுபது வயதிலும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். ஐம்பது வருடத்தில் நம் கையில் காசு வந்தது, பதவி வந்தது, நம் சொல்லைக் கேட்க நாலு பேர் வந்தார்கள். அதோடு சேர்ந்து புதிய பாவங்களும் வந்திருக்கும். பட்டியலில் மட்டும் அவை ஏறவில்லை, ஏனென்றால் அவை நம் கண்ணுக்குப் படவில்லை. திருப்பாடல் 19ஐப் பாடியவருக்கு இந்தக் கவலை இருந்தது. தமக்கே தெரியாமல் தம்மிடம் ஒளிந்திருக்கும் பிழைகளிலிருந்து தம்மைக் கழுவிவிடும்படி அவர் ஆண்டவரிடம் கேட்கிறார். தெரிந்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பதைவிடக் கடினமான மன்றாட்டு அது.

இதைச் சொல்ல நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏலாக்குறிச்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது.

திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, மாதா மேல் கலம்பகமும் பாடியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்து, 1711இல் தமிழ்நாட்டுக்கு வந்த இயேசு சபைத் துறவி. அவரைப் பற்றி நம் பாட்டிமார் சொன்ன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்தது. அரண்மனை வைத்தியம் எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் வீரமாமுனிவரிடம் வந்தார். முனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு பச்சிலையும் அந்த ஊர் மண்ணும் வைத்துக் கட்டினார், புண் ஆறியது, மழவராயர் நன்றியாகக் கோயிலுக்கு நிலம் விட்டார். தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம்.

சொல்லும்போதெல்லாம் புண் ஆறிய இடத்துக்கும் நிலம் விட்ட இடத்துக்கும் சீக்கிரமாகப் போய்விடுகிறோம். எனக்கோ அதற்கு முந்தைய கட்டம்தான் பெரிதாகப் படுகிறது. பிளவை பொதுவாக வருவது பிடரியில், முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில். கண்ணாடி பிடித்தாலும் ஒழுங்காகப் பார்க்க முடியாத இடங்கள். இந்தச் சீமையை ஆண்டவர், கைகட்டி நிற்க ஆள் வைத்திருந்தவர், வேற்று மதத்துச் சாமியார் ஒருவர் முன்னால் மேலே போட்டிருந்ததை எடுத்துவிட்டு, நாறும் புண்ணைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். "எனக்கு ஒன்றும் இல்லை, லேசான கட்டிதான்" என்று அவர் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கும் வீட்டில் பிளவையைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றைக் கட்டியாக வராது, பல கண் வைத்து வரும். முதுகுத் தோல் தடிமன் என்பதால் சீழ் மேலே வழி கிடைக்காமல் உள்ளுக்குள்ளேயே பக்கவாட்டில் பரவும். வெளியே கையகலச் சிவப்பு தெரிந்தால் உள்ளே அறை அறையாகக் கோத்திருக்கும். டாக்டர் கீறிச் சுத்தம் செய்த பிறகும் உடனே தையல் போட்டு மூடமாட்டார். புண் அடியிலிருந்து ஆறி மேலே வரவேண்டும் என்று திறந்தபடியே விட்டு, தினமும் கழுவி, தினமும் துணி வைத்துக் கட்டச் சொல்வார். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் அடியில் மறுபடி சீழ் கோக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த நாட்கள் பெரிய பாடு. ஆனால் ஆறுவதற்கு வேறு வழி கிடையாது.

நம் ஆன்மசோதனையில் மேல்தோல்தான் முந்திக்கொள்கிறது. தொட்டியில் முழங்காலிட்டு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்து, மூன்று அருள்நிறை மந்திரம் அபராதமாகச் சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். பாவமன்னிப்பு உண்மையானது, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் மன்னிப்பைக் கொடுத்த அதே கரம் உள்ளேயும் கைவைத்துச் சுகமாக்க வந்திருக்கிறது. அதற்கு நாம் இடம் கொடுப்பதில்லை.

வீரமாமுனிவரின் சபையில் ஆன்மசோதனை அன்றாடக் கடமை. சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் நூலுக்கு 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் இசைவு அளித்தார். அதில் ஆன்மசோதனைக்கு ஐந்து படிகள் சொல்லியிருக்கிறது. முதலில், பெற்ற நன்மைகளுக்கு நன்றி. அடுத்து, என் பாவங்களை நான் அறியவும் விட்டுவிடவும் அருள் வேண்டும் என்று கேட்பது. அதற்குப் பிறகுதான் காலையிலிருந்து மணிக்கு மணி கணக்குப் பார்ப்பது. பிறகு மன்னிப்பு, பிறகு திருந்தத் தீர்மானம். நாமோ நேரே மூன்றாம் படியில் ஏறி நிற்கிறோம். வெளிச்சம் கேட்காமலே வீட்டைப் பெருக்குகிறோம். அறியும் அருளை முதலில் கேள் என்று இஞ்ஞாசியார் ஏன் சொன்னார்? என் பாவம் என்னைவிடக் கெட்டி. அது எனக்குப் புண்ணியமாகவே காட்சி தரும். கஞ்சத்தனம் சிக்கனமாக, கடுகடுப்பு கண்டிப்பாக, பிறரைத் தாழ்த்துவது முறை தெரிந்து நடப்பதாக.

கொஞ்சம் நின்று இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் இளகிய மனம் கொண்டவர்களும் இருப்பீர்கள். இரவெல்லாம் தூங்காமல் பழைய பாவத்தையே கிளறி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, மன்னிப்புக் கிடைத்ததா என்று நடுங்குகிறவர்கள் உண்டு, பெண்களில் அதிகம். இஞ்ஞாசியாருக்கே 1522இல் மன்ரேசா ஊரில் இருந்தபோது இந்த வேதனை வந்தது. சங்கீர்த்தனம் செய்து செய்தும் மனம் ஆறாமல், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை போனார். நகத்தால் தன் புண்ணைத் தானே கிள்ளுவது சோதனையாகாது. திருப்பாடல் 139இல் பாடுகிறவர் ஆண்டவரிடம், நீரே என்னை ஆராய்ந்து பாரும் என்றுதான் சொல்கிறார். ஆராய்கிறவர் அவர், ஆற்றுகிறவரும் அவரே. அப்படிப்பட்ட தாய்மார்களே, நீங்கள் உறங்கப் போங்கள். இந்த மடல் உங்களை இன்னும் கிளறுவதற்கு எழுதியதில்லை. நன்றாகத் தூங்குகிற நம்மில் மற்றவர்களுக்கு எழுதியது.

உபதேசியார்களே, உங்களுக்கென்றே வீரமாமுனிவர் ஒரு நூல் எழுதிவைத்தார்: வேதியர் ஒழுக்கம். வேதியர் என்று அவர் சொன்னது உங்கள் முன்னோர்களைத்தான். குருக்கள் எப்போதாவது வந்துபோன அந்தக் காலத்தில் ஜெபம் சொல்லிக்கொடுத்தது, சாகக்கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, செத்தவரை அடக்கம் செய்தது எல்லாம் அவர்கள். ஊருக்குப் போதிக்கிறவர் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு ஒரு முழு நூல். அதுவும் செய்யுளே எழுத்தாக இருந்த நாளில், உரைநடையில். தேம்பாவணி பாடியவர் அதற்காகவும் நேரம் ஒதுக்கினார் என்றால், போதிக்கிறவனின் மறைவான குற்றம் எவ்வளவு பேரைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பரமார்த்த குரு கதையும் அவருடையதே. ஆற்றைக் கடந்து கரையேறிய சீடர்கள் எண்ணிப் பார்த்து ஓர் ஆள் குறைகிறது என்று அழுவார்களே, நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். வழிப்போக்கன் ஒருவன் வந்து தடியால் ஆளுக்கு ஓர் அடி போட்டு எண்ணிக் காட்டிய பிறகே கணக்குச் சரியாகிறது. என் மறைக்கல்விப் பிள்ளைகள் சிரிக்கட்டும். பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்து, யார் யாரால் திருவிழா கெட்டது, யார் யார் வரி கொடுக்கவில்லை என்று எண்ணிவிட்டு வெளியே வரும் நாம் அந்த இடத்தில் சிரிக்க முடியாது.

இனிச் சொல்லப்போவது நான் கண்ணால் பார்த்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், ஆட்களையும் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

வீடு மந்திரிக்கும் நாட்கள். சாமியாரோடு பேரவைக்காரர்கள் இருவர், உபதேசியார், பாட்டுப் பாட நாங்கள் சிலர். ஊருக்குள் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தோம், காப்பி குடித்தோம், முறுக்கு தின்றோம். பிறகு காலனித் தெருவுக்குப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே ஒரு பையன் வந்து நின்றான், தலையில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் பையில் தண்ணீர் பாட்டில்கள். வீட்டுக்கு வீடு அந்த நாற்காலியே போனது. சாமியார் அதில் உட்கார்ந்தார், ஜெபித்தார், தீர்த்தம் தெளித்தார். தாகம் எடுத்தபோது பையிலிருந்து பாட்டில் வந்தது. சாமியார் ஊருக்குப் புதியவர், நடப்பது அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. நாற்காலியை ஏற்பாடு செய்த பேரவைப் பெரியவர் நல்ல மனிதர். பிள்ளைகள் படிப்புக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர். நான் கேட்டபோது மனசாரச் சொன்னார்: "பாவம், கூலி வேலைக்குப் போறவங்க. நாற்காலி வாங்கு, டம்ளர் கழுவுன்னு அவங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?"

கடைசி வீட்டில் ஒரு பாட்டி. திண்ணையைச் சாணம் போட்டு மெழுகி, கோலம் போட்டு, புதுப் பாய் விரித்து வைத்திருந்தார். பாயின் ஓரத்தில் தேய்த்துப் பளபளவென்று ஒரு சொம்பு, மேலே தட்டு மூடியிருந்தது. நாற்காலி பாயின் மேல் வைக்கப்பட்டது. எல்லாரும் கிளம்பிய பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: "சொம்புல தண்ணி மோந்து வச்சிருந்தேன் டீச்சர். யாரும் கேக்கல."

அந்தப் பெரியவர் அந்த வருடமும் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பார். இந்த நாற்காலி அவர் பட்டியலில் இருந்திருக்காது. அதை அவர் தம் இரக்கத்தின் கணக்கில் எழுதியிருந்தார். சொம்பை மூடி வைத்த பாட்டிக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. மறைவான குற்றம் என்று திருப்பாடல் சொல்வது இதையே என்று நான் நம்புகிறேன்: நமக்கு மறைவு, அடிபட்டவருக்கு வெட்டவெளிச்சம்.

தாழ்த்தப்பட்டவர் வீட்டு வாசல்படி நம் திருச்சபைக்குப் பழைய புண். வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1704இல், ரோமையிலிருந்து பாப்பரசரின் தூதராக வந்த துர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். சாகக்கிடக்கும் பறையர் இனக் கிறிஸ்தவர்களுக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்க, குருக்கள் அவர்கள் வீட்டுக்குள் போகத்தான் வேண்டும் என்பது அந்த ஆணையின் ஒரு பகுதி. அப்படி ஓர் ஆணை போட வேண்டியிருந்தது என்பதிலேயே நிலைமை விளங்கும். குரு அந்த வீட்டுக்குள் நுழைந்தால் மேல்சாதியார் அவரை ஏற்க மாட்டார்கள், வேதம் பரவாமல் நின்றுவிடும் என்று இயேசு சபையாரின் மதுரை மிஷன் அஞ்சியது. வழக்கு நாற்பது ஆண்டு இழுத்தது. 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் மறுபடி கண்டிப்பாகச் சொன்னார். அந்த மக்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்குவதாக இயேசு சபையார் ஏற்றுக்கொண்டார்கள். தனிக் குரு! புண்ணை மூட இன்னொரு துணி. இதில் ஈடுபட்டவர்கள் அற்பர்கள் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். வெயிலில் வெறுங்காலோடு நடந்து, அரிசியும் கீரையும் தின்று, சிறையும் அடியும் பட்டு நமக்கு வேதம் கொண்டுவந்த தவசிகள். தினமும் ஆன்மசோதனை செய்தவர்கள். அவர்கள் கண்ணுக்கே இது பாவமாகப் படாமல் விவேகமாகப் பட்டது என்றால் நம் கண்ணை நாம் எப்படி நம்புவது?

ஆன்மசோதனைக்கு வேதாகமத்தில் நாம் காட்டும் பெரிய ஆதாரம் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 11ஆம் அதிகாரம். ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்து அறிந்தபின் இந்த அப்பத்தை உண்ணட்டும் என்ற கருத்தில் அவர் எழுதுகிறார். நன்மை வாங்குமுன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் மேலேயிருந்து வாசியுங்கள். எதற்காகப் பவுல் இதை எழுத நேர்ந்தது? ஆண்டவருடைய விருந்துக்குக் கூடும்போது, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடவுளின் சபையை இழிவுபடுத்துகிறீர்களா, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கொதிக்கிறார். அந்தக் கொதிப்பின் தொடர்ச்சியாக வருவதுதான் தன்னைச் சோதிக்கும் கட்டளை. கொரிந்தியர் சோதிக்க வேண்டியிருந்தது தங்கள் பந்தியை. நாமோ அதைத் தனி ஆளின் அந்தரங்கப் பட்டியலாகச் சுருக்கிவிட்டோம்.

ஆகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பங்கில் திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது? கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம்? தேர் தூக்கும் தோள் யாருடையது, தேருக்கு மரியாதை பெறும் கை யாருடையது? பீடத்தில் உதவும் சிறுவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள்? கோயில் அசனத்தில் இலை போடுகிறவர் யார், கடைசிப் பந்தியில் உட்காருகிறவர் யார்? எல்லாப் பங்கிலும் இவையெல்லாம் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் மாறியிருக்கிறது, மாற்றியவர்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆனால் "எங்கள் பங்கில் அப்படி எதுவும் கிடையாது" என்ற பதிலை, ஊர்த்தெருவில் இருப்பவர் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். காலனித் தெருவில் இருப்பவர் சொல்லட்டும்.

நம் ஆயர்கள் மூடிமறைக்கவில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமைக்குப் போனபோது பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு சிறிதளவும் இருக்கக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில் சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்றது, அது திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டது. பிளவை இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. பங்கில்தான் இன்னும் மேலாடையை எடுக்கவில்லை.

"இதெல்லாம் எங்கள் தாத்தா காலத்து வழக்கம், நாங்களா ஏற்படுத்தினோம்?" என்று பேரவையில் சொல்வீர்கள். உண்மைதான். அதற்கு நான் பைபிளிலிருந்து பதில் சொல்லப்போவதில்லை, அரியலூரிலிருந்தே சொல்கிறேன். 1956 நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்று வெள்ளத்தில் ரயில் பாலம் அரித்துப்போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். டெல்லியில் இருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டவுமில்லை, ஆற்றில் வெள்ளத்தைக் கொண்டுவரவுமில்லை. அதே வருடம் மகபூப்நகரில் நடந்த விபத்துக்கும் அவர் ராஜினாமா கொடுத்து, நேரு ஏற்க மறுத்திருந்தார். அரியலூருக்குப் பிறகு அவர் விடாமல் பதவி விலகினார். என் பொறுப்பில் இருந்த இடத்தில் நடந்தது, ஆகவே என்னுடையது. கிறிஸ்தவரல்லாத ஒருவர் நம் ஊர் ஆற்றங்கரை விபத்துக்குச் செய்த ஆன்மசோதனை இது. இன்று உங்கள் கையில் இருக்கும் பங்கில், உங்கள் காலத்தில், தேர் ஒரு தெருவோடு திரும்பினால் அது தாத்தாவின் பாவம் மட்டும் இல்லை.

சாதியையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் எல்லார் முதுகுக்கும் பொதுவானது அது, ஆகவே நீட்டினேன். வீட்டுக்கு வீடு வேறு வேறும் உண்டு. வெங்காயம் அறுக்க வந்த பெண்ணின் கூலியில் பிடித்த பத்து ரூபாய். கல்யாணமாகிப் போன மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்ட காணி. சபையில் ஸ்தோத்திரம் சொல்லும் வாய் வீட்டில் மனைவியிடம் பேசும் பேச்சு. வட்டிக்குக் கொடுத்துவிட்டு, வாங்கியவரைக் கோயில் வாசலில் வைத்துக் கேட்பது. இதில் எது உங்களுடையது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். மனைவிக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், வேலைக்கு வருகிறவருக்கு நிச்சயமாகத் தெரியும். தாவீது அரசர் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் கொல்லவைத்துவிட்டு, அரண்மனையில் அமைதியாகவே இருந்தார். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றி நாத்தான் வந்து சொன்னபோது யாரோ ஒருவன் மேல் கோபப்பட்டு எழுந்தார். அந்த மனிதன் நீயே என்று நாத்தான் சொல்லும்வரை அவருக்குத் தன் முதுகு தெரியவில்லை. கடவுள் தாவீதோடு நேரே பேசக்கூடியவர். ஆனாலும் ஆள் அனுப்பினார். நமக்கும் அனுப்புகிறார். பெரும்பாலும் நாம் ஆளாக மதிக்காதவர்களையே அனுப்புகிறார்.

இந்தத் தவக்காலத்தில் நான் உங்களிடம் கேட்பது அதிகமில்லை. வீட்டில், உங்களுக்குக் கீழ்ப்பட்டு இருப்பவர் ஒருவரிடம், தனியாக, பயம் காட்டாத குரலில் கேளுங்கள்: "என்னால உனக்கு எது கஷ்டமா இருக்கு?" முதல் தடவை "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் பதில் வரும். அதை நம்பி எழுந்துவிடாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள், நியாயம் சொல்லாதீர்கள், "நீ மட்டும் என்ன" என்று திருப்பாதீர்கள். கேட்டுவிட்டு, நற்கருணைப் பேழைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, இஞ்ஞாசியாரின் இரண்டாம் படியைச் செய்யுங்கள். இவர் சொன்னது உண்மையா ஆண்டவரே, எனக்குக் காட்டும். சிலது உண்மையாக இராது. மனிதர் வாய்ச்சொல் எல்லாம் கடவுள் வார்த்தையாகிவிடாது. உண்மையானதை அவர் காட்டுவார். அதை எடுத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள்.

பேரவைக்காரர்களே, உங்களுக்கு இன்னும் ஒன்று. திருநீற்றுப் புதனுக்கு முன் வரும் கூட்டத்தைப் பங்கு மனைக்குள் வைக்காதீர்கள். காலனித் தெருவில், அங்குள்ள ஒரு வீட்டுத் திண்ணையில் வையுங்கள். நாற்காலி கொண்டுபோகாதீர்கள், பாயில் உட்காருங்கள். தண்ணீர் அந்த வீட்டுச் சொம்பிலேயே கிடைக்கும். கூட்டத்தில் ஒரே பொருள்: இந்தப் பங்கில் உங்களுக்கு எது புண்ணாக இருக்கிறது? பெண்களையும் இளைஞர்களையும் முதலில் பேசவிடுங்கள். குறிப்பேட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், மெருகு போடாதீர்கள். அன்று பதில் சொல்ல வேண்டாம்.

பதிலைத் தவக்காலம் முழுவதும் தேடுங்கள், சிலுவைப்பாதையில் தேடுங்கள். நம்மால் இதை ஆற்ற முடியாது. முந்நூறு வருடமாக நம் சாமர்த்தியத்தில் துணி சுற்றிப் பார்த்தாயிற்று. ஆற்றுகிறவர் கிறிஸ்து. நாம் செய்யக்கூடியது திறந்து வைத்துக்கொண்டு, தினமும் கழுவ விடுவது. எரியும். வரி கட்டமாட்டேன் என்று சிலர் கிளம்புவார்கள், திருவிழாவே வேண்டாம் என்பார்கள், உங்கள் வீட்டுக்குள்ளேயே பேச்சு நிற்கும். அந்த நாட்களில் பயந்து அவசரமாக மூடிவிடாதீர்கள்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த பிறகு, அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அதே திண்ணைக்கு மறுபடி போங்கள். எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டி, எது மாறியது, எது மாறவில்லை என்று அவர்களையே கேளுங்கள். மாறாததை அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக எழுதிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரி,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை